ஒண்ணும் தெரியல

எங்கள் வேலையில் நல்ல சேதி என்றால் இந்த இரண்டு சொல்தான்: ஒண்ணும் தெரியல.

காலிப் பாட்டில்கள் கழுவும் இயந்திரத்துக்குள் போய்க் கொதிக்கிற காரத் தண்ணீரில் குளித்து, மறுபக்கம் வெளியே வந்து, ஓடுகிற பட்டையில் ஒன்றன் பின் ஒன்றாக எங்கள் மூக்குக்கு நேரே நகர்ந்து போகும். பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை. அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயோரத்தில் சில்லு, கழுத்தில் முடி மாதிரி ஒரு விரிசல், அடியில் ஒட்டிக்கொண்ட காகிதம், சில சமயம் செத்த கரப்பான். கண்ணில் பட்டால் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சிவப்புத் தட்டில் வைத்துவிட வேண்டும். படாவிட்டால் பாட்டில் பேசாமல் போய் சோடாவை நிரப்பிக்கொள்ளும். சூப்பர்வைசர் நடந்துகொண்டே, "என்னப்பா?" என்பார். "ஒண்ணும் தெரியல சார்" என்போம். அவர் முகம் மலர்ந்துவிடும். வேறு எந்த வேலையிலாவது ஒருவன் தினமும் இப்படிச் சொல்லி நல்ல பெயர் வாங்க முடியுமா?

முதல் விளக்கில் அண்ணன், இரண்டாவது விளக்கில் நான். அவர் விட்டதை நான் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் எதையும் விட்டால்தானே. ஆலையில் அவருக்கு டார்ச் என்று பெயர். வயதாகியும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது அந்தக் கண்ணுக்காகத்தான். அவர் மனைவியும் அவரை டார்ச் என்றுதான் சொல்வார், கடைசியில் இரண்டு எழுத்தைச் சேர்த்து டார்ச்சர் என்று. அவர்கள் மாடியில், நான் கீழ் வீட்டில். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன், அண்ணி என்றே பழகிவிட்டது. அண்ணி வீட்டிலேயே திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே மாடியில் அன்றைக்கு வெயிலா மழையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அண்ணனின் அண்ணன் இறந்துபோனார். பெயர்ப்பலகை எழுதுகிறவர், ஏணியில் ஏறி நின்றே ஆயுளைக் கழித்தவர். ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும் என்று அவர் மனைவி தைலம் தேய்த்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முகத்தில் பாதி சோப்பு அப்படியே காய்ந்திருந்தது. உள்ளே போனவர் வரவில்லை.

டாக்டர் வெளியே வந்து சொன்னதை எல்லாரும் அழுகைக்கு நடுவில்தான் கேட்டோம். காதில் வாங்கியவர் அண்ணி ஒருத்தர்தான். வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறதாம். அது ஓரிடத்தில் பலம் குறைந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டே போகுமாம். வலிக்காது, காய்ச்சல் வராது, பசி எடுக்கும், தூக்கம் வரும். ஒரு நாள் வெடித்துவிடும்.

"கூடப் பொறந்த ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவருதான், தம்பி" என்று அண்ணி அண்ணனைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

அண்ணன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது.

"வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. ஊசி கிடையாது, வலி கிடையாது, கொஞ்ச நேரந்தான். உப்பியிருந்தா முன்னாடியே தெரிஞ்சுடும், வழி இருக்கு. வெடிச்சுட்டா எங்க கையில பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது."

அண்ணி அன்றைக்குப் பிடித்த பிடிதான். அண்ணனும் அன்றைக்குப் பிடித்த முரண்டுதான்.

முதலில் துக்கம் முடியட்டும் என்றார். பிறகு ஆலையில் ஆள் குறைவு என்றார். பிறகு மழை. மழை விட்டதும் வெயில். உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்கு ஸ்கேன் என்று ஆலையில் வாய்தவறி ஒருவனிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெட்டி ஏற்றுகிற மீசைக்காரர் தினமும் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிற்றைப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்க ஆரம்பித்தார். "மாங்கா ஏதாவது வேணுமா?" என்று இன்னொருவன். சூப்பர்வைசர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வயித்துக்கு ஸ்கேனா? நான் என்ன புள்ளத்தாச்சியா?" என்று மாடியில் சத்தம் கேட்கும்.

"உங்கள புள்ள பெறச் சொல்லல. படுத்து எழுந்து வரச் சொல்றேன்."

"எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்க அண்ணனுந்தான் கல்லு மாதிரி இருந்தாரு."

இந்த இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். தையல் மெஷின் மட்டும் யார்மேலோ உள்ள கோபத்தில் ஓடுவதுபோல் ஓடும்.

கடைசியில் ஒருநாள் போகச் சம்மதித்தார். தனியாகத்தான் போவேன் என்றார். அண்ணி தானும் வருவதாகச் சொன்னதற்கு, "அந்த வாசல்ல ஜோடியா போய் உக்காந்தா பாக்கறவன் யார் வயித்தப் பாப்பான்? உன் வயித்தத்தான் பாப்பான். பேரன் எடுத்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்டார். அண்ணி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அரை டம்ளர் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மத்தியானம் அண்ணன் திரும்பி வந்தபோது மாடிப்படியின் கீழேயே நின்று சத்தம் போட்டார்.

"ஒண்ணும் தெரியல!"

அண்ணி மேலே படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவரைத் திட்டினார். மறுநாள் அண்ணன் ஆலையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மீசைக்காரரிடம், "பொறக்கல, போ" என்றார். அந்த வாரக் கடைசியில் மாடியில் எனக்கும் சாப்பாடு. மீன் வறுத்து, உருளைக்கிழங்கு வதக்கி, ஆளுக்கொரு முட்டை. ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணி பாடாத குறையாக இருந்தார். அண்ணன் வாய் நிறைய சோற்றோடு பேசிக்கொண்டே இருந்தார். அங்கேதான் அவருக்கு நாக்கில் சனி.

"அந்த டாக்டரம்மா நல்ல மாதிரிதான், தம்பி. ஆனா கை இருக்கே, உலக்கை. ஜில்லுனு என்னத்தையோ வயித்துல கொழகொழன்னு தடவி, ஒரு கட்டைய வச்சு அமுக்குச்சு பாரு, உசுரே போச்சு. நடுவுல, 'காலைல என்ன சாப்பிட்டீங்க?'ன்னு ஒரு கேள்வி வேற."

அண்ணியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அத எதுக்குக் கேட்டாங்க?"

"சும்மா பேச்சுக்குத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணன் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். அது முள்ளில்லாத துண்டு.

"உங்களத்தான் கேக்கறேன். தண்ணி மட்டுந்தானே குடிச்சுட்டுப் போனீங்க?"

"ரெண்டே ரெண்டு பன்னு. பஸ் ஸ்டாப்புல. பசி மயக்கத்துல கீழ விழுந்து கெடந்தா பரவால்லியா?"

"பன்னு மட்டுமா?"

"பன்னு தொண்டைல அடைச்சுது. அதனால ஒரு சோடா."

"சோடாவா!"

"நம்ம கம்பெனி சோடாதான். பாட்டில்கூட நல்லா சுத்தமா இருந்துச்சு."

எனக்குப் புரையேறியது. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அவங்க சொன்னத சொன்னபடி சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. ஒண்ணும் தெரியல."

"எப்படி சொன்னாங்க? நிம்மதியாவா, சலிப்பாவா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"சொல்லிட்டு என்ன செஞ்சாங்க?"

"மறுபடி அமுக்குனாங்க. ஒருக்களிச்சுப் படுன்னாங்க. அந்தப் பக்கம் ஒருதடவ, இந்தப் பக்கம் ஒருதடவ."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் புரட்டணும்?"

"நல்லா பாக்கறாங்க. நானும் சந்தேகம்னா பாட்டிலத் திருப்பிப் பாப்பேன்."

"அப்புறம்?"

"மறுபடியும், ஒண்ணும் தெரியலன்னாங்க. ரெண்டு தடவ சொல்லியாச்சு. இதுக்கு மேல எழுதி ஒட்டணுமா?"

"ரிப்போர்ட் குடுத்தாங்களா?"

"ஒண்ணும் தெரியலன்னா எதை எழுதிக் குடுப்பாங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"கெளம்பும்போது ஏதாவது சொன்னாங்களா?"

"தொடைச்சுக்கத் துணி குடுத்தாங்க. 'வெறும் வயித்தோட இன்னொரு நாள் வாங்க'ன்னாங்க. சரிங்கம்மான்னுட்டு வந்தேன்."

"இன்னொரு நாள் வரச் சொன்னாங்களா!"

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றதும்மா. வந்தவங்கள வழியனுப்பும்போது நாம போயிட்டு வாங்கன்னு சொல்றதில்லையா? போங்கன்னா சொல்வோம்?"

"வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட வாங்கன்னு எந்த மடச்சி சொல்லுவா?"

மீன் ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. அவர் தெரிந்தே பொய் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தான் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆயுள் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்கு ஒரே அர்த்தம் வைத்திருந்த மனிதர். அவருக்கு வேண்டிய அர்த்தமும் அதுதான். வேறு அர்த்தத்தைத் தேடிப் போவாரா?

மறுநாளே திரும்பப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். போகவில்லை. ஊரெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாயிற்று. இனி எந்த முகத்தோடு லீவு கேட்பது? மீசைக்காரர் விடுவாரா? அண்ணி சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார், பேசாமல் இருந்தும் பார்த்தார். பேசாமல் இருந்த நாட்களில் நான்தான் தபால்காரன். "உங்க அண்ணன்கிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுங்க தம்பி." "உங்க அண்ணிகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்.

ஒருநாள் அண்ணி அவருடைய வழியிலேயே போய் மடக்கப் பார்த்தார். ஆலைக்கு அண்ணி வந்ததே இல்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து பாட்டில் பாடம் கேட்டுக் கேட்டு எங்களுக்கே வகுப்பெடுக்கிற அளவுக்கு அவருக்குத் தெரியும். குளிர்காலத்தில் சூடான பாட்டில் வெளியே வந்ததும் ஆவி பிடித்துப் புகைபோல் மூடிக்கொள்ளும். அதைச் சிவப்புத் தட்டில் வைக்க மாட்டோம், போகவும் விடமாட்டோம். அதற்கென்று ஒரு மஞ்சள் தட்டு உண்டு.

"ஆவி பிடிச்ச பாட்டில என்ன செய்வீங்க?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க. உள்ள அழுக்கு தெரியல. அப்படியே விட்டுடுவீங்களா?"

"மஞ்சத் தட்டுல வைப்போம்."

"வச்சு?"

"தொடைச்சு, ஆறுனதும் மறுபடி பாப்போம்."

"ஒரு பாட்டிலுக்கு அவ்வளவு பாக்கறீங்க."

"பாட்டில் வேற, நான் வேற."

"எப்படி வேற?"

"பாட்டிலுக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து நிஜம் வந்தது அந்த ஒருமுறைதான். ஆனால் வந்து என்ன பயன்? பயம் என்று ஒத்துக்கொண்டவர் பயத்தைப் போக்கிக்கொள்ளப் போக வேண்டாமா? அவர் இன்னும் இரண்டு சிகரெட்டைக் கூட்டிக்கொண்டார். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. வயதில் பெரியவர் என்பதால் அவருடைய சிகரெட் பெட்டியை மிதித்தேன். அவர் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டார்.

அண்ணியின் நிலைமைதான் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணன் இருமினால் இவர் எழுந்து உட்காருவார். குனிந்து செருப்பு மாட்டினால், "மெதுவா" என்பார். ஊசி விரலில் ஏறிக் கட்டுப் போட்டுக்கொண்டார். தலையணை உறையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, தலையணையை எந்த வழியாக உள்ளே விடுவது என்று கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் படியில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மாடியில் கதவு இடிகிற சத்தம் கேட்டது. தட்டுவதல்ல, உடம்போடு மோதி இடிப்பது. எண்ணெய்க்கையோடு ஓடினேன். அண்ணி குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க! என்னங்க! கதவத் தொறங்க!"

கதவில் தோளைக் கொடுக்கலாம் என்று பின்னால் போனேன். அதற்குள் தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரேஸர். முகத்தில் பாதி சோப்பு. உள்ளே வாளியில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"என்ன? தண்ணி ஓடுற சத்தத்துல எனக்குக் கேக்கல. ஷேவிங்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

அண்ணி அந்தப் பாதி சோப்பையே பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார்.

"இனிமே தாப்பா போடாதீங்க. நீங்க போனாலும் உடனே வெளிய எடுக்கணும்ல."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ரேஸரோடு நின்றார். சோப்பு கழுத்தில் வழிந்து பனியனை நனைத்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் அண்ணன் கீழே வந்து என் கதவைத் தட்டினார்.

"போறேன்."

"நல்லது அண்ணே."

"ஆனா ஆலையில எனக்குன்னு சொல்லக்கூடாது."

"சொல்லல."

"உனக்குன்னு சொல்லணும். உனக்கு வயித்துல ஸ்கேன், நான் தொணைக்கு வரேன்."

"எனக்கா? நான் எதுக்கு..."

"இதக்கூட எனக்காகச் செய்ய மாட்டியா?"

பாருங்கள், தலைவிதி. மறுநாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "நீயுமா?" என்றார். மீசைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்கினார். "ரெண்டாவது விளக்குக்கும் விசேஷமாம்ல!" என்று பட்டை நெடுகச் சேதி ஓடியது. இரண்டு நாள் என் வயிற்றைத் தடவாத கையில்லை. அண்ணன் முதல் விளக்கில் உட்கார்ந்துகொண்டு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்கேனுக்குப் போகும் அன்று காலை அண்ணி சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் பன் கடைப் பக்கம் போகவிடாமல் நான் ஒருபுறம், அண்ணி மறுபுறம். போலீஸ் கைதியைக் கூட்டிப்போவதுபோல்தான் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய கர்ப்பிணிகள். நிறைமாதத்தில் இருந்த ஒரு பெண் நகர்ந்து, "உக்காருங்க ஐயா" என்று அண்ணனுக்கு இடம் கொடுத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எதற்காக இத்தனை மாதம் பயந்தாரோ அது அங்கே இல்லவே இல்லை.

உள்ளே கூப்பிட்டதும் அண்ணி யாரையும் கேட்காமல் கூடவே நுழைந்தார். என் சட்டையை அண்ணன் பிடித்திருந்ததால் நானும் நுழைந்தேன். சின்ன அறை, ஜன்னலில் கறுப்புத் துணி, மூலையில் மின்விசிறி. கட்டிலில் விரித்திருந்த காகிதம் அண்ணன் படுத்ததும் சரசரத்தது. டாக்டரம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"சோடா குடிச்சுட்டு வந்தவருதானே நீங்க? இன்னொரு நாள் வாங்கன்னு அப்பவே சொன்னேனே?"

"ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்களாம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா. வயிறு பூரா காத்து. காத்து இருந்தா அதுக்குப் பின்னாடி இருக்கறது இந்த மெஷின்ல தெரியாது."

"இவரு நல்லாயிருக்குன்னு நெனச்சுட்டாரு."

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"இனிமே பாக்க முடியலன்னு சொல்றேன்" என்றார்.

பசையைத் தடவி, கட்டையை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக ஏதோ அசைந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திரையைத்தான் பார்த்தார், ஆலையில் பார்க்கிற அதே பார்வை. மேகத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு குழாய் தோன்றியது. மேலே ஒல்லியாக வந்தது. கீழே போகப்போக, கழுத்து முடிந்து பாட்டில் அகலமாகிற மாதிரி, அகன்றது.

டாக்டரம்மாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"தெரியுதாம்மா?" அண்ணிதான் கேட்டார்.

"தெரியுது."

எங்கள் பட்டையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. தெரிந்தால் பேசாமல் கையை நீட்டி எடுத்துவிடுவோம். அண்ணனின் வலது கை கட்டிலின் ஓரத்தில் எதையோ பிடிக்கப் போவதுபோல் எழுந்து, மறுபடி காகிதத்தில் விழுந்தது.

அளந்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டிய அகலம் கிட்டத்தட்ட ஐந்தைத் தொட்டிருந்தது. இன்னொரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். உடனே வெட்ட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கட்டிலில் வந்து படுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம், நேரம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. சிகரெட் இன்றோடு முடிந்தது.

"மூணு மாசத்துக்கு ஒருதடவையா?" என்றார் அண்ணன்.

"வெறும் வயித்தோட" என்றார் டாக்டரம்மா.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றோம். அண்ணி கும்பிடுவார், அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது ஆத்திரம். அண்ணன் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த பசையை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"இவ்வளவுதான். படுத்து எழுந்திருக்கற நேரம். இதுக்கா என்னைய இத்தனை மாசம் கொன்னீங்க?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை அண்ணியே எடுத்துக்கொண்டார், அவர் தடுக்கவில்லை. காலிப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எங்கண்ணனுக்கும் ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கும்ல?"

அண்ணி துடைப்பதை நிறுத்தினார்.

"அவர யாருமே பாக்கல" என்றார் அண்ணன்.

பஸ்ஸில் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அந்த நல்ல மனிதர் ஏணியில் ஏறி நின்ற வருஷமெல்லாம் உள்ளே அது உப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது அவரைப் படுக்கவைத்துப் பார்த்திருந்தால்? பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அவர் போன பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் இந்த லட்சணம்.

மறுநாள் வேலை. அதே பட்டை, அதே வெளிச்சம், பாட்டில்களின் கலகலச் சத்தம். நான் ஸ்டூலில் உட்காரும் முன்பே மீசைக்காரர் பெட்டியை முழங்காலில் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"என்னப்பா, ஸ்கேன்ல என்ன கொழந்தை?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசரும் நின்றார். "ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிடுவதாகத்தான் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு. நான் வாயைத் திறந்தேன்.

"அவனுக்கு இல்ல" என்றார் அண்ணன், பாட்டில்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்கேன் எனக்கு. எங்கண்ணன் எதுல போனாரோ அது எனக்கும் இருக்கு. தெரிஞ்சுடுச்சு."

பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஒரு பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சிவப்புத் தட்டில் வைத்தார். மீசைக்காரர் போவார் என்று பார்த்தேன். அவர் பெட்டியைத் தரையில் இறக்கினார். அவருக்கும் அண்ணன் வயதுதான். காதிடுக்கில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும், அதை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார். அண்ணன் பக்கத்தில் குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அத எங்க எடுக்கறாங்க? நான் போனா பாப்பாங்களா?"

"பாப்பாங்க" என்றார் அண்ணன். "பன்னு திங்காம போ. சோடாவும் குடிக்காத. நம்ம கம்பெனி சோடாவா இருந்தாலும்."